விசில்

ஒன்பதே காலுக்கு வண்ணார்பேட்டை பார்சல் ஆபீசில் முதல் போன்.
"ஏ தாயி, சேர்மாதேவிக்கு ஒத்த மூட்டை வத்தல் போட்டேன்.
ஆறு ரசீது வந்திருக்கு செல்லுல.
பாபநாசம் வரைக்கும் காசு கேக்கு உங்க மிசினு."
அடுத்து வீரவநல்லூர். ஐந்து ரசீது.
பத்தமடைக்காரர் ஏழையும் பிரிண்ட் போட்டுக்
கையில் பிடித்தபடி நேரிலேயே வந்துவிட்டார்.
பாபநாசத்திலிருந்து மட்டும் சத்தமில்லை.
அங்கே போனது ஒன்றே ஒன்று.

ஆவுடைநாயகம் அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை.
காலண்டரைப் பார்த்துச் சொன்னார்:
"நோட்டுல எழுதுன காலத்துல ரசீது குட்டி போட்டதில்ல."

நேற்று ராத்திரி எழுதியது.
சுவிட்ச், அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர்,
ஊருக்கு ஒரு கேஸ், கீழே கட்டணம், ரசீது.
பாபநாசத்தோடு பஸ்ஸே நின்றுவிடுகிறதே என்று
அங்கே மட்டும் ஒரு பிரேக்.
கேஸுக்கும் கேஸுக்கும் நடுவே சுவர் இருப்பதாக
நானாக நினைத்துக்கொண்டேன்.
எதிர் சீட்டில் மைதீன் பாத்திமா
ஒவ்வொருவருக்காகப் பணத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே
என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.
"ஏறச் சொல்லியிருக்க. இறங்கச் சொல்லலையே."

ஊர்ப்பெயரைக் கையில் வைத்துக்கொண்டு
மேலிருந்து ஒவ்வொரு போர்டாய்ப் படித்து வரும்.
பொருந்திய இடத்தில் ஏறும்.
ஏறியபின் போர்டு படிக்காது.
வீரவநல்லூரா கல்லிடைக்குறிச்சியா, அதற்கென்ன,
யாராவது விசில் அடிக்கும்வரை
வழியில் கிடக்கும் எல்லா வரியையும்
செய்துகொண்டே போகும்.

ஆறு ஊருக்கும் ஆறு விசில் வைத்தேன்.

மத்தியானம் வேறு எளவு.
அம்பாசமுத்திரத்து மூட்டைக்கு ரசீதே பிறக்கவில்லை.
அனுப்பியவர் 'அம்பை' என்று போட்டிருந்தார்.
இரண்டும் ஒன்றென்று மேலப்பாளையத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும்.
ஜாவாஸ்கிரிப்டுக்கு ஜாடை போதாது.
மூன்று சமக்குறி போட்டுப் பார்க்கிற கண் அதற்கு.
மேற்கோள் குறிக்குள் வந்த நான்கை
வெறும் நான்கின் பக்கத்தில் உட்காரவிடாது.
'சேர்மாதேவி'யின் வாலில் ஒட்டி வந்த
ஒரு வெற்று இடத்துக்காக
அதை வேற்றூர் என்று கீழே தள்ளியது.

அம்பை என்று ஒரு கேஸ் எழுதினேன்,
அடியில் ஒன்றுமே எழுதாமல்
அம்பாசமுத்திரம் என்று அடுத்த கேஸ்.
காலையில் காசு தின்ற அதே ஓட்டைதான்.
அதன் வழியாகவே அம்பை
அம்பாசமுத்திரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.
வி.கே.புரத்துக்கும் அப்படியே.
சேர்மாதேவி, சேரன்மாதேவி, சேரன்மகாதேவி,
மூன்று படி, ஒரே பஸ்.
ஓரத்தில் ஒரு குறிப்பு விட்டேன்:
இங்கே பிரேக் இல்லை. மறந்ததல்ல.

எதிலும் பொருந்தாதவர்களுக்கு டிஃபால்ட்.
முதல் நாளே மூன்று பேர் வந்தார்கள்.
ஊர் என்று கேட்ட இடத்தில் ஒருவர் 'ஆமாம்' என்றிருந்தார்.
ஒருவர் 'கோமு வீட்டுக்கு எதிர்ல'.
ஒருவர் தன் பெயர், இனிஷியலோடு.
ஆபீசுக்குப் போன் செய்யவும் என்று பதில் போகும்.
போன் என் மேஜையில்தான்.

எட்டு மணிக்குத் தனியார் பஸ்.
பேட்டை தாண்டியது தெரியும்.
ஜன்னல் கம்பியில் தலை முட்டிக்கொண்டே வந்தது தெரியும்.
தோளைத் தட்டியவர் கண்டக்டர் குத்தாலிங்கம்.
"எங்கம்மா இறங்கணும்?"
"பத்தமடை."
"இது வீரவநல்லூர். அங்க ரெண்டு விசில் அடிச்சேனே!"
எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.
பையைத் திறந்து
சேர்மாதேவிக்கு ஒன்று, வீரவநல்லூருக்கு ஒன்று
என்று தனித்தனியாகக் கிழித்தார்.
திரும்புகிற பஸ் ஒன்பது நாற்பதுக்கு.